நிழல் வேறு, குளிர்மை வேறு



மீள்குடியேறி வந்த 2010, 2011ஆம் ஆண்டுகளில் நம்மில் பலருடைய வளவுகள் வெட்டவெளியாகக் கிடந்தன. ஒதுங்க ஒரு மரம் இல்லையே என்பதுதான் அன்றைய பெரிய குறை. அப்போது நட்ட மாவும் பலாவும் வேம்பும் இன்று கூரைக்கு மேலே வளர்ந்து நிற்கின்றன. இப்போது எனக்கு வரும் கடிதங்களில் குறை மாறிவிட்டது. "வளவெல்லாம் நிழல் அக்கா. மிளகாயும் வராது, கத்தரியும் வராது. நிழலில் பூக்கிற சின்னச் செடி ஏதாவது சொல்லுங்கள்" என்று கேட்கிறீர்கள்.

கேட்பவர்களில் சிலர் தாங்களே ஒரு விடையையும் கண்டு வைத்திருக்கிறார்கள். அதுதான் ஹைட்ரேஞ்சியா. மலைநாட்டிலிருந்து செடி கொண்டு வருபவர்கள் சந்தையிலும் திருவிழாக் காலத்திலும் இதைச் சாடியோடு விற்கிறார்கள். முழங்கால் உயரச் செடி, உள்ளங்கையை விடப் பெரிய பச்சை இலை, அதன் மேல் பந்து போல நீலமாகவோ இளஞ்சிவப்பாகவோ ஒரு பூங்கொத்து. "வெயில் வேண்டாம், நிழலில் வையுங்கள்" என்று விற்பவர் சொல்வார். அது பொய் அல்ல. ஆனால் முழு உண்மையும் அல்ல.

கிளிநொச்சிப் பக்கத்துச் சகோதரி ஒருவர் எழுதிய கடிதத்தை அவருடைய அனுமதியோடு இங்கே சொல்கிறேன். 1977 கலவரத்தின் பின் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம் அவருடையது. சிறு பிள்ளையாக இருந்தபோது லயத்து வாசலில் அம்மா வைத்திருந்த நீல ஹைட்ரேஞ்சியா அவருக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூன்று வருடத்துக்கு முன்பு சந்தையில் அதே செடியைக் கண்டதும் வாங்கிவிட்டார். "2009இல் அவர் இல்லாமற்போன பிறகு நான் பூ வைப்பதில்லை. இது தலையில் வைக்கிற பூ அல்ல, பார்க்கிற பூ. ஒருவரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றுதான் வாங்கினேன்" என்று எழுதுகிறார். வாங்கியபோது இருந்த பூ ஒரு மாதம் நின்றது. அதன்பின் மூன்று வருடமாக இலை மட்டும்தான். அயலில் ஒருவர், "உன்ரை கையிலை வைச்சால் எப்படிப் பூக்கும்?" என்று கேட்டுவிட்டாராம். "என் கையில் ராசி இல்லையா அக்கா?" என்று அந்தக் கடிதம் முடிகிறது.

அந்தக் கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கைக்கும் பூவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் பல வருடம் நுவரெலியாவில் இருந்து இந்தச் செடியை வளர்த்தவள். இப்போது வவுனியாவில் இருக்கிறேன். அங்கே கைவிட்ட பங்களா வாசல்களில்கூட யாரும் பார்க்காமலே பூத்துக் கிடக்கும். இங்கே தாய் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தாலும் பூக்காது. வித்தியாசம் கையில் இல்லை, இராக் குளிரில் இருக்கிறது.

ஏன் பூப்பதில்லை?

ஹைட்ரேஞ்சியா ஜப்பான் நாட்டுச் செடி. நம்முடைய நாட்டில் அது நன்றாக நிற்கும் இடம் நுவரெலியா, ஹக்கல, பண்டாரவளை போன்ற மலைப்பகுதிகள். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே வருடச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவுதான். 1861இல் சிங்கோனா மரத்தைப் பரீட்சித்துப் பார்க்கத் தொடங்கிய ஹக்கல தோட்டம், பின்னர் மலர்த் தோட்டமாகப் பெயர் பெற்றதற்கும் அந்தக் குளிர்மைதான் காரணம்.

இந்தச் செடியின் பூ மொட்டு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே கொப்பின் நுனியில் உருவாகிவிடுகிறது. அப்படி உருவாவதற்கு 18 பாகைக்குக் குறைந்த குளிர் தொடர்ந்து ஆறு வாரமாவது தேவை. அந்தக் குளிர் கிடைக்காவிட்டால் கொப்பின் நுனி இலையாகவே வளர்ந்துகொண்டு போகும். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மார்கழி, தை இரவுகள்கூடப் பெரும்பாலும் 20 பாகைக்கு மேலேயே நிற்கின்றன. மாமர நிழலில் வைத்தால் வெயில் படாது, உண்மைதான். ஆனால் வெக்கை படும். வெயிலை மரம் மறைக்கும், வெக்கையை மரம் மறைக்காது.

அப்படியானால் வாங்கும்போது பூ எப்படி இருந்தது? அந்த மொட்டு மலையில் இருந்தபோதே உருவானது. அதைத்தான் நீங்கள் சாடியோடு வாங்கினீர்கள். அது வாடிய பிறகு புதிய மொட்டு வைக்க இங்கே குளிர் இல்லை. ஆகவே மூன்று வருடம் இலையோடு ஒரு செடியை உயிரோடு வைத்திருந்தது கைராசி இல்லாத வேலை அல்ல. இந்த வெக்கையில் அதைச் சாகவிடாமல் காத்ததே பெரிய காரியம்.

மலைநாட்டில் இருப்பவர்களுக்கு

பதுளை, பண்டாரவளை, ஹற்றன், நுவரெலியாப் பக்கத்திலிருந்தும் நம்முடைய சகோதரிகள் சிலர் இந்தப் பக்கத்தை வாசிக்கிறீர்கள். உங்களுக்கு இந்தச் செடியைத் தாராளமாகச் சொல்வேன். வாசலில் இரண்டடி இடம் போதும்.

இடம்: காலை வெயில் பத்து மணி வரை படவேண்டும், அதன்பின் நிழல் வேண்டும். வீட்டின் கிழக்குப் பக்கச் சுவரடி மிக நல்லது. நாள் முழுக்க நிழலாக உள்ள இடத்தில் இலை செழிக்கும், பூ குறையும். ஆகவே "நிழல் செடி" என்பதை "அரை நிழல் செடி" என்று விளங்கிக்கொள்ளுங்கள்.

மண்: தேயிலை மண் இயல்பாகவே புளிப்பானது. அது இந்தச் செடிக்குப் பிடிக்கும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு உக்கிய கூட்டெரு, ஒரு பங்கு தும்புத்தூள் என்று கலந்து, அடியில் துளையுள்ள 12 அங்குலச் சாடியில் நடலாம். குடித்த தேயிலைச் சக்கையைக் கூட்டெருவோடு சேர்த்து உக்கவிட்டு இடலாம். சாடியில் வளரும் செடி நிலத்தில் வளர்வதைப் போல ஆளுயரம் போகாது, இரண்டு மூன்று அடிக்குள் அடக்கமாக நிற்கும்.

நிறம்: ஒரே செடி ஓரிடத்தில் நீலமாகவும் இன்னோரிடத்தில் இளஞ்சிவப்பாகவும் பூப்பதைப் பார்த்திருப்பீர்கள். மண் புளிப்பாக இருந்தால் அதிலுள்ள அலுமினியத்தைச் செடி உறிஞ்சும், பூ நீலமாகும். மண்ணில் சுண்ணாம்புத் தன்மை கூடினால் அலுமினியம் செடிக்குக் கிடைக்காது, பூ இளஞ்சிவப்பாகும். நீலம் வேண்டும் என்றால் ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு சிறிய தேக்கரண்டி படிகாரத்தைக் கரைத்து, மண்ணை முதலில் சாதாரண நீரால் நனைத்துவிட்டு, அடியில் ஊற்றுங்கள். மொட்டு வருவதற்கு முன்பே இதைத் தொடங்கவேண்டும். மாதம் ஒரு தடவை போதும், கூடினால் வேர் கருகிவிடும். வெள்ளைப் பூ இனத்தை இந்த முறையால் நிறம் மாற்ற முடியாது. பந்து போலத் தெரிகிற பூவில் நாம் இதழ் என்று நினைப்பவை உண்மையில் இதழ் அல்ல, புல்லிகள். அதனால்தான் அவை அவ்வளவு நாள் வாடாமல் நிற்கின்றன.

தண்ணீர்: மத்தியானம் இலை துவண்டு தொங்குவதைக் கண்டதும் வாளியோடு ஓடாதீர்கள். விரலை ஓரங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் விட்டுவிடுங்கள், பொழுதுபட இலை தானாக நிமிரும். ஈரம் இல்லாவிட்டால் மட்டும் ஊற்றுங்கள். தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும்.

வெட்டுதல்: செடி அடக்கமாக இருக்கவேண்டும் என்றால் பூ வாடியதும் உடனே வெட்டவேண்டும். வாடிய கொத்துக்குக் கீழே பருத்த முளை இரண்டு சோடியாக இருக்கும் இடத்துக்குச் சற்று மேலே வெட்டுங்கள். "பிறகு பார்ப்போம்" என்று மாதக்கணக்கில் விட்டு வெட்டினால் அடுத்த தடவைக்கு உருவான மொட்டையே வெட்டி எறிந்துவிடுவீர்கள். மலைநாட்டில் இருந்தும் பூக்கவில்லை என்பவர்களின் செடிகளில் பெரும்பாலும் இதுதான் காரணம். நுவரெலியாவில் தை, மாசியில் உறைபனி விழும் இரவுகளில் செடிக்கு மேலே ஒரு பழைய சாக்கைப் போட்டுவிட்டு, காலையில் எடுத்துவிடுங்கள்.

புதுச் செடி: பூக்காத கொப்பில் ஐந்து ஆறு அங்குல நீளத்துக்கு, இரண்டு மூன்று கணு இருக்கும்படி வெட்டுங்கள். கீழ் இலைகளை எடுத்துவிட்டு மேல் இலைகளைப் பாதியாகக் கத்தரியுங்கள். மணலும் தும்புத்தூளும் சமமாகக் கலந்த பையில் நட்டு, மேலே பொலித்தீன் பையால் மூடி நிழலில் வையுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வேர் விடும். ஒரு தாய்ச் செடியிலிருந்து அயலில் பத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், காசு தேவையில்லை.

எச்சரிக்கை: இந்தச் செடியின் இலையும் மொட்டும் நஞ்சுத் தன்மை உள்ளவை. ஆடு, மாடு தின்னாத இடத்தில் வையுங்கள். சிறு பிள்ளைகள் வாயில் வைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டிய பின் கை கழுவுங்கள்.

வடக்கு, கிழக்கில் ஏற்கனவே வாங்கி வைத்திருப்பவர்களுக்கு

வைத்திருக்கிற செடியைப் பிடுங்கி எறியச் சொல்லமாட்டேன். பச்சை இலைக்காகவே வைத்திருக்கலாம். வீட்டின் கிழக்கு அல்லது வடக்குப் பக்கத்தில், கிணற்றடிக்கு அண்மையில், சீமெந்து நிலத்தில் சாடி படாமல் இரண்டு கல்லின் மேல் வையுங்கள். தகரக் கூரைக்கு நேர் கீழே வைக்கவே வேண்டாம், அந்த வெக்கை செடியைப் பொசுக்கிவிடும். ஆனி, ஆடியில் சோளகக் காற்று அடிக்கும்போது ஒரு மறைப்புக் கட்டுங்கள். கிடுகோ பழைய சேலையோ போதும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கே நிலத்தின் அடியில் சுண்ணாம்புக் கல் இருக்கிறது. கிணற்று நீரும் பல இடங்களில் வன்னீர். கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். அந்த நீரை ஊற்ற ஊற்ற ஹைட்ரேஞ்சியா இலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் மாறும். இது நோய் அல்ல. மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் அதைச் செடியால் எடுக்க முடியாத நிலை. மழைநீரைச் சேர்த்து வைத்து ஊற்றினால் ஓரளவு தெளியும். பசளைக் கடையில் கேட்கும் மருந்தை எல்லாம் வாங்கிக் காசைக் கரைக்காதீர்கள்.

புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். ஒரு மாதம் பார்க்கிற பூங்கொத்து என்று தெரிந்துகொண்டு, கையில் மிச்சக் காசு இருந்தால் வாங்குங்கள். அதில் பிழை ஒன்றும் இல்லை, மனதுக்குப் பிடித்ததற்குக் கொஞ்சம் செலவழிக்க நமக்கும் உரிமை உண்டு. ஆனால் வருடா வருடம் பூக்கும் என்று நம்பி வாங்காதீர்கள். விற்று உழைக்கலாம் என்று யாரும் சொல்லி, நுண்கடன் எடுத்து இந்தச் செடியில் போடவே போடாதீர்கள். இங்கே பூக்காத செடிக்கு வாராவாரம் தவணை கட்டும் நிலை உங்களுக்கு வேண்டாம்.

உங்கள் நிழலை முதலில் பாருங்கள்

எந்தச் செடி என்று தேடுவதற்கு முன்பு என்ன நிழல் என்று பார்க்கவேண்டும். நடுமத்தியானம் பன்னிரண்டு மணிக்கு அந்த இடத்தில் நின்று, நிலத்துக்கு ஓரடி மேலே கையை விரித்துப் பிடியுங்கள். நிலத்தில் கையின் நிழல் விரல் விரலாகத் தெளிவாக விழுந்தால் அது வெயில் இடம். அங்கே மிளகாயும் கத்தரியும் வையுங்கள். நிழல் மங்கலாக விழுந்தால் அது அரை நிழல். முருங்கைக்குக் கீழேயும் தென்னைக்குக் கீழேயும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். கையின் நிழலே தெரியாவிட்டால் அது அடர் நிழல். பெரிய மாவுக்கும் பலாவுக்கும் கீழே அப்படி இருக்கும்.

அடர் நிழலில் பூச்செடி எதுவும் சரியாக வராது. மரத்தின் தாழ்ந்த கொப்பு இரண்டு மூன்றைக் கழித்துவிட்டால் அந்த இடம் அரை நிழலாகும். கழித்த குழையை ஆட்டுக்குப் போடலாம், உக்கவும் விடலாம். மரத்தின் அடிக்கு மிக அருகில் நடவேண்டாம், தண்ணீரையும் பசளையையும் மரமே குடித்துவிடும். நான்கைந்து அடி தள்ளி நடுங்கள், அல்லது சாடியில் வையுங்கள்.

வளவில் இதுவரை கொத்தாத மூலையில் கொத்தத் தொடங்கும்போது கவனமாக இருங்கள். வடக்கில் கண்ணிவெடி அகற்றும் வேலை இன்னும் முற்றாக முடியவில்லை. அகற்றி முடிந்த இடம் என்று சொல்லப்பட்டாலும், மண்ணுக்குள் அறியாத இரும்புப் பொருள் எதையாவது கண்டால் தொடவேண்டாம், தட்டவேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, இடத்தை அடையாளப்படுத்தி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

நம்முடைய நிழலுக்கு நம்முடைய செடி

வெக்கையும் அரை நிழலும் சேர்ந்த இடத்தில் அடக்கமாக நின்று பூக்கிற செடி நம்மிடமே இருக்கிறது. அது கனகாம்பரம். தென்னிந்தியாவும் இலங்கையும் அதன் சொந்த இடம். மலையிலிருந்து யாரும் கொண்டு வரத் தேவையில்லை. இரண்டு மூன்று அடிக்கு மேலே போகாது. முருங்கை நிழல், தென்னை நிழல், வேலியோரம் என்று எங்கே வைத்தாலும் வரும். குளிரைக் கேட்காது.

விதை: கதிர் காய்ந்து மண்ணிறமானதும் எடுத்துவைக்கவேண்டும். அந்தக் காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும். பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. ஆனால் மழை படும்வரை விட்டால் உங்களுக்கு விதை மிஞ்சாது. புதிய விதையை நாற்றுமேடையிலோ பொலித்தீன் பையிலோ போட்டு, ஏறக்குறைய இரண்டு மாதத்து நாற்றாக எடுத்து நடலாம். விதை வைக்காத இனங்களும் உண்டு, அவற்றைக் கொப்பு வெட்டி நடவேண்டும். இளங்கொப்பு ஈர மணலில் வேர் விடும்.

நடுதல்: வரிசைக்கு வரிசை இரண்டடி, செடிக்குச் செடி ஓரடி விடுங்கள். ஒவ்வொரு குழியிலும் இரண்டு கை கூட்டெரு அல்லது காய்ந்த மாட்டெருவும், ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் போடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நூல் போன்ற புழுக்கள் வேரைத் தாக்குவது இந்தச் செடிக்கு உள்ள பெரிய தொல்லை. செடி காரணமில்லாமல் குன்றி, பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் அதுதான். அந்தச் செடியை எடுத்து எரித்துவிட்டு, அதே இடத்தில் திரும்பக் கனகாம்பரம் வைக்காதீர்கள்.

காலம்: ஆவணி, புரட்டாதியில் விதை போட்டால் மாரி மழையின் ஈரத்தில் நாற்றை நடலாம். தண்ணீர் தேங்காத, சற்று உயர்ந்த பாத்தியாக இருக்கட்டும். நட்டு இரண்டு மூன்று மாதத்தில் பூக்கத் தொடங்கும். கோடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை தண்ணீர் போதும். முகம் கழுவிய, அரிசி கழுவிய தண்ணீரை அதற்கு விடலாம். அடியில் காய்ந்த சருகு பரப்பினால் ஈரம் காயாது.

பூ எடுத்தல்: கதிரில் கீழேயிருந்து மேலே பூ விரிந்துகொண்டு போகும். ஒருநாள் விட்டு ஒருநாள் அதிகாலையில் எடுங்கள். முடிந்த கதிரைக் கிள்ளிவிட்டால் புதுக் கதிர் வரும். விதைக்கு வேண்டிய நாலைந்து கதிரை மட்டும் விடுங்கள். நல்ல செடி இரண்டு மூன்று வருடம் பலன் தரும். பிறகு புதிதாக நடவேண்டும்.

இதை விற்கலாமா என்று நிச்சயம் கேட்பீர்கள். விற்கலாம். ஆனால் கணக்கைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கனகாம்பரம் எடையே இல்லாத பூ. ஒரு முழம் கட்ட நிறையப் பூவும் நிறைய நேரமும் வேண்டும். அதன் விலை பூவுக்கு மட்டும் அல்ல, கட்டுகிற கைக்கும்தான். முதலில் பத்துச் செடி வைத்துப் பாருங்கள். கோயிலடியில் பூ விற்பவரிடம் முழம் என்ன விலைக்கு எடுப்பார், எந்த நாளில் கூட எடுப்பார் என்று விசாரியுங்கள். வெள்ளிக்கிழமையும் திருவிழாக் காலமும் கலியாண மாதமும் தெரிந்தால், அதற்கு ஏற்றபடி செடியைக் கூட்டலாம். வாசமில்லாத பூ என்றாலும் கட்டிய பின் ஓரிரு நாள் நிறம் மாறாமல் நிற்கும் என்பது இதன் பலம்.

சாடியில் மட்டும் வளர்க்க விரும்புபவர்களுக்குக் காசித்தும்பை நல்லது. விதை போட்ட இரண்டு மாதத்துக்குள் பூக்கும், அரை நிழலைத் தாங்கும். அந்தூரியமும் நிழலில் வரும். ஆனால் அதற்குக் காற்றிலே ஈரம் வேண்டும், கோடையில் நாளுக்கு இரண்டு தடவை தெளிக்க வேண்டியிருக்கும். தண்ணீருக்கு நெடுந்தூரம் நடப்பவர்கள் அதைத் தொடவேண்டாம். எந்தச் சாடியானாலும் அடித்தட்டில் தண்ணீர் தேங்கவிடாதீர்கள். டெங்கு நுளம்பு அங்கேதான் முட்டையிடும். தட்டில் மணலை நிரப்பிவிட்டால் அந்தப் பயம் இல்லை.

பூ யாருக்கு?

கனகாம்பரம் என்று எழுதும்போதே சிலர் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். "அது தலையில் வைக்கிற பூ. எனக்கெதற்கு?" என்பீர்கள். கணவரை இழந்தவர்களும், கணவர் எங்கே என்று இன்றுவரை தெரியாதவர்களும் நம்மிடையே ஏராளம். பூவைப் பற்றியும் பொட்டைப் பற்றியும் ஊர் சொன்னதை எல்லாம் கேட்டுக் கேட்டு, வளவில் ஒரு பூச்செடி வைப்பதற்கே தயங்குகிற நிலைக்கு வந்துவிட்டோம். கிளிநொச்சிச் சகோதரி யாரும் வாய்திறக்காத ஒரு பூவைத் தேடி, இந்த மண்ணில் பூக்காத செடியை வாங்கியதும் அதனால்தான்.

தலையில் வைப்பதும் வைக்காததும் அவரவர் மனதைப் பொறுத்தது. அதை நான் சொல்லவும் மாட்டேன், ஊர் சொல்லவும் கூடாது. ஆனால் செடி நடுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. விதைக்கு, தண்ணீர் ஊற்றுகிற பெண்ணுக்குக் கணவர் இருக்கிறாரா என்று தெரியாது. சூடு, ஈரம், வெளிச்சம் மட்டும்தான் அதற்குத் தெரியும். அவை சரியாக இருந்தால் எவருடைய கையிலும் பூக்கும். சரியில்லாவிட்டால் சுமங்கலி கையிலும் பூக்காது. இதை அயலில் சொல்பவர்களுக்கும் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் பெண் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். "கைராசி" என்ற சொல்லை அவர்களும் நம்பி வளரக்கூடாது.

இந்த மாதம் செய்ய வேண்டியவை இவைதான். மத்தியான வேளையில் கையை விரித்து வளவின் நிழலைப் பாருங்கள். எந்த மூலை வெயில், எந்த மூலை அரை நிழல் என்று கொப்பியில் ஒரு படம் கீறி வையுங்கள். அயலில் கனகாம்பரம் இருக்கும் வீட்டில் காய்ந்த கதிர் இரண்டு கேளுங்கள். உங்கள் மாதர் சங்கக் கூட்டத்துக்குப் போகும்போது, வீட்டில் உள்ள விதைகளைச் சிறு கடதாசிப் பொட்டலத்தில் கட்டி, பெயரெழுதிக் கொண்டுபோய் மாற்றிக்கொள்ளுங்கள். ஐயம் இருந்தால் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள், எனக்கும் எழுதுங்கள்.

அடுத்த மாதம், குசினியில் கழுவிவிடும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்குத் திருப்புவது எப்படி என்று பார்ப்போம்.